கிரிண்ட்லி வீட்டு டோக்கன்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஒரு மின்னஞ்சலின் மூன்றாவது பத்தியில், அதுவும் அடைப்புக்குறிக்குள், ஓசியில் கிடைத்தது. அனுப்பியவர் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்துக்காரர். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். கரிபியன் தீவுகளின் பழைய டோக்கன்களைச் சேகரிக்கிறவர். எங்கள் ஊரில் ஆஸ்மண்ட் கிரிண்ட்லி என்பவரிடம் ஒரு அபூர்வமான டோக்கன் இருப்பதாகக் கேள்விப்பட்டு, விற்பாரா என்று விசாரித்துச் சொல்லும்படி எனக்கு எழுதியிருந்தார். எனக்கு விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆஸ்மண்ட் தன் சிறுநீரகத்தை விற்றாலும் விற்பார், அதை விற்க மாட்டார்.

நான் ஜமைக்காவின் ஹனோவர் மாவட்டத்தில் இருபத்தாறு வருடமாக வேதியியல் வாத்தியார். அந்த மின்னஞ்சலை ஆசிரியர் அறையில் பன்னும் சீஸும் தின்றபடி படித்தேன். அடைப்புக்குறியை எட்டியதும் சிரிப்பு வந்தது. பன் தொண்டையில் சிக்கி, கணக்கு டீச்சர் முதுகில் நாலு அடி போடும்படி ஆகிவிட்டது. ஊரில் மிக மிடுக்காக நடக்கும் ஒருவருடைய கால்சட்டை பின்னால் கிழிந்திருப்பதை முதலில் பார்த்தவனின் சிரிப்பு அது. நல்ல மனிதர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். ஆனால் நல்ல மனிதர்கள் கதையும் எழுத மாட்டார்கள்.

அடைப்புக்குறிக்குள் என்ன இருந்தது என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் ஆஸ்மண்டை நீங்கள் மதிக்க மாட்டீர்கள். கொஞ்ச நேரமாவது அவரை மதியுங்கள், பாவம்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"கரிபியன் கடலின் நீலம் வந்து முட்டும் வடமேற்கு மூலையில், பசுமை போர்த்திய குன்றுகளுக்கு நடுவே கிளெனாரி என்னும்—"

(நிறுத்திவிட்டேன். விமானத்தில் இருக்கைக்கு முன்னால் செருகி வைத்திருப்பார்களே, அந்தப் புத்தகத்துக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. கிளெனாரியில் கடலும் தெரியாது. கிளெனாரி என்பதும் நான் வைத்த பெயர், தேடாதீர்கள்.)

"மனிதன் மனிதனை நம்பாத நாளிலிருந்து டோக்கன் என்ற பொருள்—"

(இது கட்டுரை. பத்து வரிக்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

"ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டியதும் ஆஸ்மண்ட் கிரிண்ட்லி செய்கிற முதல் காரியம், இடது பையைத் தொட்டுப் பார்ப்பது."

இது இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டியதும் ஆஸ்மண்ட் கிரிண்ட்லி செய்கிற முதல் காரியம், இடது பையைத் தொட்டுப் பார்ப்பது. அறுபத்துநாலு வயது. முப்பத்துமூன்று வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வீட்டில் கண்ணாடி மூடி போட்ட மூன்று பெட்டிகள் வைத்திருக்கிறார். முதல் பெட்டியில் தோட்டக்கடை டோக்கன்கள்: கரும்புத்தோட்டத்துக் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாத பித்தளைத் துண்டுகள். இரண்டாவதில் துறைமுகத் தகரங்கள்: கப்பலுக்கு வாழைத்தார் சுமந்த பெண்களுக்குத் தாருக்கு ஒன்றாகக் கொடுத்தது. மூன்றாவதில் ரொட்டிக்கடை, காப்பித்தோட்டம், படகுத்துறை என்று கலந்துகட்டி. ஒவ்வொன்றையும் எங்கே யாரிடம் வாங்கினார் என்று கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஆனால் பெட்டிக்குள் போகாத ஒன்று உண்டு. அதுதான் சட்டைப்பையில் இருப்பது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, நீள்வட்டமான ஈயத்துண்டு. ஒரு பக்கம் கிளெனாரி தேவாலயச் சபையின் பெயரும் 1842 என்ற வருடமும். மறுபக்கம் தேய்ந்துபோய்விட்டது.

(டோக்கன் என்றதும் நீங்கள் ரேஷன் கடையையும் பல் டாக்டரையும் நினைப்பீர்கள். இது வேறு. அந்தக் காலத்தில் இங்கே ஸ்காட்லாந்துச் சபைகளில் திருவிருந்துக்கு முந்தின வாரம், சபையை நடத்தும் மூப்பர்கள் வீடு வீடாகப் போவார்கள். குடிக்கிறாயா, பொய் சொல்கிறாயா, பெண்டாட்டியை அடிக்கிறாயா என்று விசாரிப்பார்கள். தேறியவருக்கு ஓர் ஈயத்துண்டு. ஞாயிறன்று அது இருந்தால்தான் மேசையில் உட்கார்ந்து ரொட்டியும் திராட்சரசமும். இல்லாதவர் மேசையைச் சுற்றிய கம்பிக்கு வெளியே நின்று மற்றவர் மெல்லுவதைப் பார்க்கலாம்.)

ஆஸ்மண்டின் பாட்டனுக்குப் பாட்டன் குவாக்கோ கிரிண்ட்லி. அடிமையாகப் பிறந்து, விடுதலை கிடைத்த நாலாவது வருடமே மூப்பர்களின் விசாரணையில் தேறியவர். அதற்குச் சாட்சி பையில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. ஸ்டூவர்ட் வீட்டில் இல்லை, மெக்கஃபி வீட்டில் இல்லை. முக்கியமாக டல்லக் வீட்டில் இல்லை.

டல்லக் வீட்டைப் பற்றி ஏன் 'முக்கியமாக' என்கிறேன் என்றால், முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்மண்ட் அந்த வீட்டுப் பெண் ஐவரினைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார். ஆஸ்மண்டின் அம்மா மிஸ் எஸ்மினா (இங்கே கல்யாணமான பெண்களும் மிஸ்தான்) ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க வீட்டுல டோக்கன் இருக்கா?"

ஆஸ்மண்ட் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் இல்லாதவர் இறங்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். பிறகு ஐவரின் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு, அவரைப் புதைத்து, இப்போது தேவாலய வாசலுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். ஆஸ்மண்ட் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. டோக்கன் சேகரிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

3

அடைப்புக்குறி. அபர்டீன்காரர் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

(குடும்பங்களிடம் இவை கிடைப்பது மிக அரிது. மேசைக்கு வருகிறவர் தன் டோக்கனை மூப்பரிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார முடியும். சபை அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் தங்கியிருக்கிறது என்றால், வாங்கியவர் மேசைக்குப் போகவில்லை என்றுதான் பொருள்.)

புரியாதவர்களுக்கு நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒரு டோக்கன் வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் டோக்கன் பையிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நான் செருப்பை மீட்டவன் என்று நாலு தலைமுறை பெருமை பேசினால் எப்படி இருக்கும்?

மாவட்டத்தில் டோக்கன் இல்லாத வீடுகள் எல்லாம் ரொட்டி தின்ற வீடுகள். டோக்கன் இருக்கிற ஒரே வீடு, போகாத வீடு. ஆஸ்மண்ட் இதைப் பஸ் டிக்கெட் மாதிரியே நினைத்துவிட்டார். பஸ்ஸில் டிக்கெட் கையில் இருப்பவர்தானே பயணி. முப்பத்துமூன்று வருடம் அப்படிப் பார்த்த கண்ணுக்கு வேறு மாதிரி தோன்ற வழியில்லை. அவருடைய அம்மாவுக்கும் அம்மாவின் மாமியாருக்கும் என்ன சாக்கு என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் எல்லோருக்கும் பிடித்த தவறை யாரும் துருவிப் பார்ப்பதில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ஆஸ்மண்ட் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு எளிதாகக் கேலி செய்யக்கூடிய ஒரு மனிதர் கதைக்கு உதவுவாரா? அவருக்கு ஏதாவது நல்ல குணம் சேர்க்கலாம் என்று பார்த்தேன்.

"ஆஸ்மண்ட் தினமும் மாலையில் தெருநாய்களுக்கு—"

(பொய். அவர் தெருநாய்களைக் குடையால் விரட்டுவார்.)

"கண்டிப்பான முகத்துக்குப் பின்னால் ஆஸ்மண்டிடம் ஒரு குழந்தை—"

(எல்லோரிடமும் ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்கும் எழுத்தாளர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.)

கடைசியில் உண்மையையே எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவரிடம் ஒரு குணம் நிஜமாகவே உண்டு. ஏமாற்ற மாட்டார். சேகரிப்பவர்கள் செய்யும் சில்லறைத் தில்லுமுல்லுகள் எதுவும் அவரிடம் கிடையாது: மெருகு போட மாட்டார், போலியை உண்மை என்று தள்ளிவிட மாட்டார். ஒருமுறை மிஸ் எஸ்மினா டிக்கெட் எடுக்காமல் லூசியா சந்தையிலிருந்து பஸ்ஸில் வந்தபோது, சொந்த அம்மா என்றும் பார்க்காமல், கூடை நிறையக் கிழங்கோடு பாதி வழியில் இறக்கிவிட்டார். அம்மா நாலு மாதம் பேசவில்லை.

இதைச் சேர்த்ததும் கேலி கொஞ்சம் கசக்க ஆரம்பித்தது. அந்த அம்மாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கத் தெரிந்தவருக்கு, அந்த அம்மாவின் ஒரு கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்கத் தெரியவில்லை. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி நடக்கப்போவது. கிளெனாரி சபையில் மூப்பர் ஒருவர் காலமாகி, ஓர் இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஓட்டெடுப்பு. நிற்பவர்கள் இரண்டே பேர்: ஆஸ்மண்ட் கிரிண்ட்லி, ஐவரின் டல்லக்.* இருவருக்கும் பேச இரண்டிரண்டு நிமிடம். ஆஸ்மண்டுக்கு வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை. குவாக்கோவின் பேரப்பிள்ளை அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சு தயார். பேச்சு என்ன பேச்சு, பையில் இருப்பதை எடுத்து உயர்த்திக் காட்டுவதுதான்.

* கணவன் வீட்டுப் பெயர் வேறு. ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தி எந்தப் பெயரோடு சமையலுக்குப் பேர் வாங்கினாளோ அதுதான் அவள் பெயர்.

5

யார் அவரிடம் சொல்வது? கதாசிரியனாக இது என் தலைவலி. மூன்று வழி யோசித்தேன்.

ஒன்று, அபர்டீன்காரர் நேரில் வந்து இறங்குகிறார். (பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்து ஒரு பாத்திரத்தை வரவழைப்பது வீண்செலவு.)

இரண்டு, இளம் போதகர் மிஸ் பியூசி பிரசங்கத்தில் தற்செயலாகச் சொல்கிறார். (தற்செயல் என்று எழுதும்போதே எனக்குக் கூசியது.)

மூன்று, நானே சொல்கிறேன். கனிவான குரலில், தோளில் கைவைத்து. இதை இரண்டு பக்கம் எழுதினேன். அதில் நான் மிக நன்றாக வந்திருந்தேன். கிழித்துப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், இன்னும் தீர்மானிக்காமல், ஐவரின் கடையில் உட்கார்ந்து வறுத்த மீனும் மரவள்ளி அடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஐவரின் தேங்காய்ப் பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆஸ்மண்ட் உள்ளே வந்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மிஸ் ஐவரின், ஒரு வார்த்தை பேசணும்."

"பேசுங்க மாஸ் ஆஸ்மண்ட். கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு."

"ஞாயித்துக்கிழமைக்கு உங்க பேரை எடுத்துட்டா மரியாதையா இருக்கும்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். சபை முன்னாடி தோத்து நிக்கறது நல்லாவா இருக்கும்? எனக்கே பார்க்கக் கஷ்டமா இருக்கும்."

"அடடா, என் மேல எவ்வளவு அக்கறை." மாவுக்கட்டை நிற்கவில்லை. "மாஸ் ஆஸ்மண்ட், திருவிருந்துக்கு இருபது வருஷமா ரொட்டி சுடறது நான். உடம்பு முடியாதவங்க வீட்டுக்கு அதை எடுத்துட்டுப் போறது மட்டும் மூப்பரு. மிஸ் பெர்ல் சாகறதுக்கு முன்னாடி மூணு மாசம் ரொட்டிக்காகக் காத்திருந்தா. மூப்பருக்கு முதுகுவலி, யாரும் போகலை. நான் போறேன்னேன். அது ஒழுங்கில்லைன்னாங்க. அதுக்காகத்தான் நிக்கறேன். நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

ஆஸ்மண்ட் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்து, கல்லாப் பலகையில் வைத்தார். ஈயத்துண்டு மாவுக்குப் பக்கத்தில் கறுப்பாகக் கிடந்தது.

"இது பேசும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம்."

ஐவரின் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுவா அது? உங்க அம்மா சொன்னப்போ சாப்பாட்டுத்தட்டு அளவுக்கு இருக்கும்னு நினைச்சேன்."

"அளவுல என்ன இருக்கு."

"அதுவும் சரிதான். ஒண்ணு கேக்கறேன், நீங்க டிக்கெட் பார்த்தவரு, உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்துல இதை எங்க காட்டணும்?"

"மேசைக்குப் போறப்போ. மூப்பர்கிட்ட."

"காட்டணுமா, கொடுக்கணுமா?"

நான் மீன் முள்ளை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். என் கதையின் மூன்றாம் பகுதியை யாரோ என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனமாதிரி இருந்தது.

ஆஸ்மண்ட் டோக்கனைப் பார்த்தார். பிறகு ஐவரினை. அவர் முகம் கணக்குப் போட ஆரம்பித்தது. போட வேண்டாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முப்பத்துமூன்று வருட அனுபவம், அரை நிமிடத்தில் போட்டு முடித்துவிட்டார்.

"யாரு சொன்னது?" என்றார்.

"சபைக் குறிப்பேடு. உள்ளறையில பெரிய அலமாரியில இருக்கு, கறையான் தின்னது போக மிச்சம். அந்த அறையை ஒரு காலத்துல நான் பெருக்கிட்டு இருந்தேன். 'குவாக்கோ கிரிண்ட்லி டோக்கன் பெற்றார். மேசைக்கு வரவில்லை. காரணம் சொல்லவில்லை.' மூணே வரி. அதே பக்கத்துல எங்க வீட்டு ஃபீபா டல்லக்கும் இருக்கா. வாங்கினா, கொடுத்தா, சாப்பிட்டா, வீட்டுக்கு வந்தா. எங்க கையில ஒண்ணும் மிச்சமில்லை."

"எப்போ படிச்சீங்க?"

"உங்க அம்மா என்னை வேணாம்னு சொன்னதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

6

(ஒரு நிமிடம். அடுத்த உரையாடலை அப்படியே எழுதுவதா, அழகுபடுத்துவதா என்று யோசித்தேன். ஐவரின் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ என் திறமை போதாது. நடந்தபடியே தருகிறேன்.)

"அப்பவே சொல்லியிருந்தா..." என்றார் ஆஸ்மண்ட்.

"சொல்லியிருந்தா உங்க அம்மா வாயை மூடியிருப்பாங்க. கல்யாணமும் நடந்திருக்கும். அது எனக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நீங்க எதாவது சொல்றீங்களான்னு பார்த்தேன், ஆஸ்மண்ட்."

மாஸ் என்கிற மரியாதைச் சொல் போய்விட்டது. இருவருமே கவனித்த மாதிரி தெரியவில்லை.

"உங்க அம்மா சொன்னதுக்கப்புறம் ரெண்டு வாரம் பார்த்தேன். தினம் ரெண்டு தடவை அந்த பஸ் எங்க வீட்டைத் தாண்டிப் போகும். உள்ள நீங்க நிப்பீங்க, தொப்பி போட்டுக்கிட்டு. நான் வேலிகிட்ட நிப்பேன். ஒரு நாளும் இறங்கலை. அந்த ஈயத்துண்டு எனக்கு நல்லதுதான் செஞ்சுது. இல்லேன்னா கட்டிக்கிட்ட அப்புறம்தான் உங்களைத் தெரிஞ்சிருக்கும்."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. ஐவரின் போய்த் தணித்துவிட்டு வந்தார். ஆஸ்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கேலியெல்லாம் வற்றிப்போய், எழுந்து தண்ணீர் கொடுக்கலாமா என்று தோன்றியது. அந்தச் சமயம் பார்த்து அவர் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"1842ல வாசல்ல நின்ன மூப்பர் யாரு தெரியுமா? பழைய கங்காணி. கரும்புத்தோட்டத்துல சவுக்கு வெச்சிருந்தவன். அவன் கையிலயா கொடுக்கறதுன்னு குவாக்கோ திரும்பி வந்திருக்காரு. அதான். அதான் நடந்திருக்கு. இது வெக்கப்படற விஷயமே இல்லை, இது..."

"இது?"

"எதிர்ப்பு."

ஐவரின் சிரித்தார். நிறுத்த முடியாமல் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நேத்து வரைக்கும் பக்திமான். இப்ப அஞ்சு நிமிஷத்துல போராளி. ஞாயித்துக்கிழமைக்குள்ள நாட்டுக்கு விடுதலையே வாங்கிக் கொடுத்திருப்பாரு போல. ஆஸ்மண்ட், அந்த மனுஷன் தூங்கிப் போயிருக்கலாம். மழை பெஞ்சிருக்கலாம். நல்ல சட்டை இல்லாம இருந்திருக்கலாம். காரணம் சொல்லலைன்னு எழுதியிருக்கு. சொல்லாத மனுஷனை நாம ஏன் பேச வைக்கணும்?"

(இந்த இடத்தில் எனக்கும் விழுந்தது ஓர் அடி. என் மேசையில் ஒரு காகிதம் இருக்கிறது: "குவாக்கோ அந்தக் கையைப் பார்த்தான். நான்கு வருடத்துக்கு முன் தன் முதுகில்—" என்று தொடங்கி முக்கால் பக்கம். மிக நன்றாக வந்திருக்கிறது. படித்தால் உங்களுக்கு மயிர்க்கூச்செறியும். பிறகு போய்ப் பார்த்தேன், கங்காணி மூப்பரானதற்குக் குறிப்பேட்டில் ஆதாரம் உண்டு. குவாக்கோ அதற்காகத்தான் திரும்பினார் என்பதற்கு ஆதாரம் எனக்கு அது பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான். காகிதத்தைச் சேர்க்கவில்லை. கிழிக்கவும் இல்லை.)

ஆஸ்மண்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க சொல்லப்போறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மிஸ் பெர்லைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசுவேன், உக்காந்துடுவேன். உங்க ரெண்டு நிமிஷம் உங்களுடையது. அதை எடுத்துக்குங்க, மாவு ஒட்டுது."

அவர் எடுத்துக்கொண்டு போனார். துணியை மறந்துவிட்டார்.

"சார்," என்றார் ஐவரின் என் பக்கம் திரும்பி. "இதை எங்கேயாவது எழுதினீங்கன்னா, என்னை ரொம்ப நல்லவளா எழுதிடாதீங்க. வேலிகிட்ட நின்னப்போ மனசுல திட்டாத திட்டில்லை."

7

முடிவுகள்.

அ. ஆஸ்மண்ட் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறார். நடந்து போய் டோக்கனைக் காணிக்கைத் தட்டில் போடுகிறார். நூற்றெண்பது வருடத்துக்கு மேல் கழித்து குவாக்கோவின் டோக்கன் சபைக்குத் திரும்புகிறது. யாரோ பாட்டை எடுக்கிறார்கள். ஐவரின் கண்ணைத் துடைக்கிறார். (இதை ஒரே மூச்சில் எழுதினேன், எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு சுலபமாகக் கலங்கியதால்தான் சந்தேகம் வந்தது. பத்திரிகைகள் இதைக் கேட்டு வாங்கிப் போடும். பக்கத்தில் என் படமும் வரும்.)

ஆ. ஆஸ்மண்ட் டோக்கனை உயர்த்திக் காட்டுகிறார், பழைய பேச்சு, ஒரு சொல் மாறாமல். ஜெயிக்கிறார். ஐவரின் தலையாட்டி வாழ்த்துகிறார். அடுத்த திருவிருந்தில் ஐவரின் சுட்ட ரொட்டியை ஆஸ்மண்ட் தட்டில் ஏந்தி வருகிறார், எல்லோருக்கும் கொடுக்கிறார், தான் மட்டும் விழுங்க முடியாமல் நிற்கிறார். (பழிவாங்குகிற முடிவு. எழுதும்போது இனித்தது. எழுதி முடித்ததும், அவரை நான் எதற்குப் பழிவாங்குகிறேன் என்று புரியவில்லை.)

இ. போராளி குவாக்கோ. சபை ஆரவாரம் செய்கிறது. ஆறு மாதத்தில் ஊர் முச்சந்தியில் சிலை. சுற்றுலா அமைச்சர் ரிப்பன் வெட்டுகிறார். சிலையின் கையில் சாப்பாட்டுத்தட்டு அளவுக்கு ஒரு டோக்கன். (எங்கள் ஊரை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றில் நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான்.)

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஆறு பகுதியாக நான் செய்துகொண்டிருப்பது அந்த மூப்பர்கள் செய்ததைத்தான். வீட்டுக்குள் புகுந்து, அலமாரியைத் திறந்து, இவர் தேறுவாரா மாட்டாரா என்று விசாரிப்பது. 'அ' எழுதினால் ஆஸ்மண்டுக்குத் தேர்ச்சி. 'ஆ' எழுதினால் கம்பிக்கு வெளியே. அவர்களாவது கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, இவ்வளவு நேரம் பிடித்திருந்தது, அதுதான் சங்கடமாக இருக்கிறது.

அதனால் நான் கண்ணால் பார்த்தவரைக்கும் மட்டும் சொல்லி எழுந்துகொள்கிறேன். எனக்கு அந்தச் சபையில் ஓட்டுக் கிடையாது. பாட்டுக்காகவும், முடிந்தபின் எதிர்க்கடையில் கிடைக்கும் ஆட்டுக்கறிச் சோற்றுக்காகவும் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் இருந்தேன். ஐவரின் முதலில் பேசினார். மிஸ் பெர்லைப் பற்றி, சொன்னபடி இரண்டு நிமிடம். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். போதகர் மிஸ் பியூசி "பிரதர் கிரிண்ட்லி" என்றார்.

ஆஸ்மண்ட் பின்னால் தன் இடத்திலேயே எழுந்தார். இடது பையில் கை போனது. அங்கேயே நின்றது. சபை சிரித்த முகத்தோடு காத்திருந்தது, எல்லோருக்கும் என்ன வரப்போகிறது என்று தெரியும் அல்லவா. அவர் சபையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் அந்த வெள்ளைத் தொப்பியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் போயிற்று. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆஸ்மண்ட் வாயைத் திறந்தார்.

இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள். மூன்று முடிவுகளை இலவசமாகக் கொடுத்திருக்கிறேன். நாலாவது ஒன்று உங்களுக்குத் தோன்றினால் இன்னும் நல்லது. அவர் ஜெயிக்கட்டும், தோற்கட்டும், அந்த ஓட்டைப் பற்றி எனக்கு இப்போது கவலையில்லை. என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவர் என்ன சொன்னாலும் கொஞ்சம் உரக்கச் சொல்லட்டும். ஐவரின் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அவர் காதில் விழுகிற மாதிரி எழுதுங்கள்.